மாமனார் விட்டுச்சென்ற நான்கு அமெரிக்கத் தங்கக் காசுகள்: விற்பதா, தரம் பார்ப்பதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 1970களில் பொறியாளராக இங்கே வந்த என் மாமனார் சென்ற ஆண்டு காலமானார். அவர் அந்தக் காலத்திலேயே நாணயக் கடைகளில் வாங்கி வைத்திருந்த நான்கு தங்கக் காசுகள் அலமாரியில் இருந்தன. 1908, 1924 ஆண்டுகளின் இருபது டாலர் காசுகள் இரண்டு. 1909ஆம் ஆண்டின் ஐந்து டாலர் ஒன்று. 1911ஆம் ஆண்டின் இரண்டரை டாலர் ஒன்று. சிறிய காசுகள் இரண்டின் பின்புறத்திலும் ‘டி’ என்ற எழுத்து இருக்கிறது. 1908 காசில் கடவுள் பெயர் கொண்ட வாசகம் இல்லை. 1924 காசின் உறையில் ‘சாய்ஸ் பி.யு.’ என்று எழுதியிருக்கிறது; அந்தக் காசில் செம்புநிறப் புள்ளி ஒன்றும் உள்ளது. ஐந்து டாலர் காசு மங்கலாக இருந்ததால், நகை கழுவுவதைப் போலப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன். ஊரில் உள்ள கடைக்காரர் நான்கையும் தங்க விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தரம் பார்க்க அனுப்ப வேண்டுமா? கல்லூரிக்குப் போகும் என் மகனுக்கு இவற்றைச் சேகரிக்க ஆசை வந்திருக்கிறது. அவன் எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லாதது நல்லதாயிற்று. நான்கில் மிகச் சிறியதான இரண்டரை டாலர் காசைச் சோதித்துப் பார்க்காமல் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அது உண்மையானதாக இருந்தால், அதிலுள்ள தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு மதிப்பு அதற்கு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்தக் காசில் தங்கத்துக்கு விலை, எந்தக் காசில் அதன் மேற்பரப்புக்கு விலை என்பதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் கேள்விகள் பலவற்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

அக்காலத்து அமெரிக்கத் தங்கக் காசுகள் அனைத்தும் ஒரே கலவையில் அமைந்தவை: பத்தில் ஒன்பது பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு. நம் நகைக்கடைக் கணக்கில் சொன்னால் 21.6 காரட். இருபது டாலர் காசின் எடை 33.436 கிராம், அதாவது நான்கு பவுனுக்குச் சற்று மேல். அதில் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 30.1 கிராம். ஐந்து டாலர் 8.359 கிராமும் இரண்டரை டாலர் 4.18 கிராமும் எடையுள்ளவை. இது எந்த ஆண்டின் காசுக்கும் பொருந்தும். இதைத் தராசே சொல்லிவிடும். இதற்கு மேல் ஒரு காசுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் இரண்டு காரணங்களால் கிடைப்பது. ஒன்று, அந்த ஆண்டில் அந்த அக்கசாலையில் அடித்த காசுகளில் இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது. மற்றொன்று, அச்சிலிருந்து வெளிவந்த நாளின் மேற்பரப்பு இந்தக் குறிப்பிட்ட காசில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது.

எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து அரிய காசு எது என்று முடிவு செய்தால் பெரும்பாலும் தவறிவிடும். 1933 ஏப்ரல் 5 அன்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் பிறப்பித்த ஆணை, மக்கள் கையிலிருந்த தங்கக் காசுகளை வங்கிகளில் ஒப்படைக்கச் சொன்னது. ஆளுக்கு நூறு டாலர் வரையிலான தங்கத்துக்கும், சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்புப் பெற்ற அரிய காசுகளுக்கும் அதில் விலக்கு இருந்தது. திரண்ட காசுகள் உருக்கிக் கட்டிகளாக்கப்பட்டன. கருவூலத்தை விட்டு வெளியே போகாத காசுகள் அதோடு அழிந்தன. அதற்கு முன்பே ஐரோப்பிய வங்கிகளுக்குக் கடன் தீர்க்கப் போயிருந்தவை தப்பிப் பிழைத்துப் பின்னர் திரும்பி வந்தன. 1927இல் டென்வரில் அடித்த இருபது டாலர் காசுகள் 1,80,000. இன்று தெரியவருபவை ஏறக்குறைய ஒரு டஜன்தான். உங்களிடமுள்ள 1924 காசு ஃபிலடெல்ஃபியாவில் 43 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கடல் கடந்து போனதால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. தங்கம் வைத்திருப்பதற்கான தடை 1974 டிசம்பர் 31 அன்று முழுமையாக நீங்கியது. உங்கள் மாமனார் அமெரிக்காவுக்கு வந்த அந்தப் பத்தாண்டில் நாணயக் கடைகளில் தங்கம் வாங்குவோர் கூட்டம் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி 1911 இரண்டரை டாலருக்கு வருகிறேன். இந்த வகைக் காசுகள் 1908 முதல் 1915 வரையிலும், பிறகு 1925 முதல் 1929 வரையிலும் வெளிவந்தன. 1911இல் ஃபிலடெல்ஃபியா ஏழு லட்சத்துக்கும் மேல் அடித்தது; அதே ஆண்டில் டென்வர் அடித்தவை வெறும் 55,680. வரிசை முழுவதிலும் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. டென்வரைக் குறிக்கும் ‘டி’ எழுத்து, கழுகு நிற்கும் அம்புக்கட்டின் முனைகளுக்கு இடப்புறத்தில் இருக்கும். அந்த ஒற்றை எழுத்து இருந்தால் விலை பல மடங்காகிவிடும் என்பதால், ஃபிலடெல்ஃபியாவின் உண்மையான காசை எடுத்து அதில் ‘டி’யை ஒட்டி விற்ற மோசடிகள் ஏராளம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் அந்த எழுத்தின் அடிவாரத்தைச் சுற்றிப் பாருங்கள். உண்மையான எழுத்தில் உலோகம் தரையிலிருந்து, அதாவது உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பிலிருந்து, இடைவெளி இல்லாமல் எழும்பி வரும். தரையில் ஓடும் ஒளி எழுத்தின் ஓரம் வரை தடையின்றி வந்து சேரும். ஒட்டிய எழுத்தைச் சுற்றி மெல்லிய கோடோ, நிறம் மாறிய வளையமோ, கருவி பட்ட கீறலோ தெரியும். உண்மையான டென்வர் காசுகளிலேயே ‘டி’ மங்கலாக விழுந்தவையும் உண்டு. அவற்றுக்கு விலை குறைவாக இருந்தாலும் அவை போலி ஆகா. ஆகவே மங்கலாக இருக்கிறதே என்று நீங்களாகத் தள்ளிவிடவும் வேண்டாம், தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம்.

எழுத்தை மட்டும் ஒட்டுவதை விட்டு, முழுக் காசையே புதிதாக அடித்த போலிகளும் உண்டு. நகைக்கடையில் கொடுத்து உரசிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நம்மவர்கள் பலரும் கேட்பார்கள். தெரியாது, கூடுதலாக உரைகல்லின் வடு ஒன்று காசில் ஏறிவிடும். 1950கள், 1960களில் பெய்ரூட் முதலிய இடங்களில் அடிக்கப்பட்ட அமெரிக்கத் தங்கக் காசுகளில் சரியான எடையும் ஏறத்தாழச் சரியான தங்கமும் இருந்தன. சேகரிப்பாளர் தரும் விலை தங்கத்தின் விலையைவிடக் கூடுதல் என்பதால், உண்மைத் தங்கத்திலேயே போலி செய்வது இலாபகரமாக இருந்தது. அவற்றை அச்சுவேலை காட்டிக்கொடுக்கும்: இறகுகளின் ஓரம் சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கியிருக்கும், தரையில் காரணமற்ற சிறு மேடுகள் இருக்கும். மாதிரிக்கு வைத்துக்கொண்ட காசில் இருந்த ஒரு பள்ளம், அந்தப் போலி அச்சில் அடித்த எல்லாக் காசுகளிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். மாமனார் கடையில் வாங்கிய காலத்தில் இத்தகைய காசுகள் சந்தையில் தாராளமாகப் புழங்கின. கடைக்காரர் நேர்மையானவராக இருந்தும் அறியாமல் விற்றிருக்கக்கூடும் என்பதால், வாங்கிய ரசீது இருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

ஐந்து டாலர் காசிலும் ‘டி’ இருப்பதைப் பார்த்து அதுவும் அரியது என்று நினைத்திருப்பீர்கள். 1909இல் டென்வர் அடித்த ஐந்து டாலர் 34 லட்சத்துக்கும் மேல். இந்த வரிசையில் எளிதாகக் கிடைப்பதே அதுதான். அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் ‘ஓ’ எழுத்துடன் அடித்தவை 34,200 மட்டுமே, அதற்குத்தான் பெரும் விலை. ஆகவே நீங்கள் கழுவிய காசு கழுவியிருக்கக் கூடாததுதான் என்றாலும், நான்கில் இழப்பு குறைவாக நேரக்கூடிய காசு அது என்று ஆறுதல் அடையலாம்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரைவிட பிரஷ்ஷே ஏன் தீங்கு என்பதை இந்தக் காசின் அமைப்பை வைத்து விளக்குவது எளிது. இரண்டரை டாலர், ஐந்து டாலர் இரண்டையும் வடிவமைத்தவர் பாஸ்டன் சிற்பி பேலா லயன் பிராட். இறகுமுடி அணிந்த பூர்வகுடித் தலைவரின் உருவத்தை அவர் தரைமட்டத்துக்கு மேலே எழுப்பாமல், தரைக்குள் குழித்து அமைத்தார். பழைய எகிப்தியச் சிற்பங்களைப் பார்த்து இந்த யோசனையை அன்றைய அதிபர் தியோடர் ரூசவெல்ட்டிடம் சொன்னவர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிக்லோ என்ற பாஸ்டன் மருத்துவர். 1908இல் காசு வெளிவந்ததும், குழிகளில் அழுக்கு சேர்ந்து நோய் பரவும் என்று ஃபிலடெல்ஃபியா நாணய வணிகர் சேப்மன் அதிபருக்கே எழுதினார். அவர் அஞ்சியபடி நோய் எதுவும் பரவவில்லை. ஆனால் சேகரிப்பாளருக்கு வேறொரு தொல்லை வந்தது. மற்றக் காசுகளில் உருவம் உயர்ந்து நின்று தரையைக் காக்கும். இதில் தரையே மிக உயரமான பகுதி, எனவே உராய்வு அனைத்தும் முதலில் அதன்மேல்தான் விழும். நீங்கள் தேய்த்த பிரஷ்ஷின் இழைகள் அந்த வெற்றுத் தரையில் மயிரிழைக் கீறல்களைப் போட்டிருக்கும். விளக்கின் கீழ் சாய்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளாக அவை தெரியும். தரம் பார்ப்பவர் இதற்கு எண் தரமாட்டார். ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு திருப்புவார். அந்தக் காசைத் தரம் பார்க்க அனுப்பிச் செலவு செய்யாதீர்கள். தங்க மதிப்பை ஒட்டிய விலைக்கு அதை விற்கலாம், அல்லது மாமனார் நினைவாக வைத்துக்கொள்ளலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வைத்துக்கொள்வேன்.

இருபது டாலர் காசுகள் இரண்டையும் வடித்தவர் அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ். அமெரிக்கக் காசுகளின் அழகின்மையால் மனம் வருந்திய தியோடர் ரூசவெல்ட்தான் அவரிடம் இந்தப் பணியை ஒப்படைத்தார். 1907 ஆகஸ்டில், காசு மக்கள் கைக்கு வருமுன் அவர் இறந்துபோனார். கடவுளின் பெயரைக் காசில் பொறிப்பது அப்பெயருக்கு இழுக்கு என்று ரூசவெல்ட் கருதியதால் முதலில் அந்த வாசகம் விடப்பட்டது. நாடாளுமன்றம் 1908 மே மாதத்தில் சட்டம் இயற்றி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. உங்கள் 1908 காசு அந்தச் சட்டத்துக்கு முந்தைய வடிவம். அரியது என்று கேட்கவே தோன்றும், ஆனால் ஃபிலடெல்ஃபியா மட்டும் அந்த வடிவத்தில் 42 லட்சத்துக்கு மேல் அடித்தது. மேலும் 1990களில் வெல்ஸ் ஃபார்கோ புதையல் என்ற பெயரில் இதே காசுகள் 19,900 வெளிப்பட்டன. பல பத்தாண்டுகள் பையைப் பிரிக்காமல் இருந்ததால் அவற்றில் பெரும்பாலானவை அபூர்வமான நிலையில் இருந்தன. ஆகவே மிக உயர்ந்த தரத்தில் உள்ள 1908 காசு வேண்டுவோருக்கு அது கிடைக்கிறது. நடுத்தரமானதற்கு அவர்கள் பெரிய விலை கொடுக்க மாட்டார்கள். ஆண்டு எண்ணுக்கு மேலே ‘டி’ எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் காசுகளின் தரத்தை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மேசையில் மென்துணி விரித்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, ஒற்றை மேசைவிளக்கின் கீழ் காசை விளிம்பில் மட்டும் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாய்ந்த கண்ணுக்குத் தெரியாத கோடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், புழங்காத காசில் ஒரு ஒளிப்பட்டை சக்கர ஆரம்போல் சுற்றிவரும். அந்தப் பட்டை எங்கே அறுபடுகிறது என்பதே நீங்கள் கவனிக்க வேண்டியது. முன்புறத்தில் சுதந்திர தேவியின் மார்பு, முன்னே நீண்ட முழங்கால், மூக்கு. பின்புறத்தில் கழுகின் நெஞ்சு, சிறகின் மேல்விளிம்பு. இந்த இடங்களில் ஒளி செத்து நிறம் சாம்பல் பழுப்பாகத் தெரிந்தால் காசு சிறிதளவேனும் புழங்கியிருக்கிறது. விவரம் குறைவாக இருந்தும் ஒளி அறுபடாமல் கடந்து சென்றால் அது அச்சு அழுத்தமின்மை, தேய்மானமாகாது. இந்த வேறுபாட்டில்தான் பழகியவர்களும் தடுமாறுகிறார்கள். அதற்கடுத்து, துணிப்பையில் ஒன்றோடொன்று மோதிய வடுக்களைப் பாருங்கள். பெரிய கனமான காசு என்பதால் வடு இல்லாத இருபது டாலர் காசைத் தேடவே முடியாது. தேவியின் முகத்திலும் மார்பிலும் விழுந்த ஒரு வடு, கதிர்களுக்கிடையே விழுந்த ஐந்தைவிடத் தரத்தைக் குறைக்கும்.

வணிகர்கள் பயன்படுத்தும் எண்கள் ஒன்று முதல் எழுபது வரை. 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக உருவாக்கிய அளவு அது. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1970களில் அதை எல்லாக் காசுகளுக்கும் பொதுவாக்கியது. 50 முதல் 58 வரை சற்றே புழங்கியவை, 60 முதல் 70 வரை புழங்காதவை. உங்கள் மாமனாரின் உறையில் உள்ள ‘சாய்ஸ் பி.யு.’ (பளபளப்பு மாறாத, புழங்காத, தேர்ந்தெடுத்த காசு என்று பொருள்) இந்த எண்முறை கடைகளில் பரவுமுன் கடைக்காரர் தம் கண்ணால் பார்த்து எழுதியது. அன்று அப்படி எழுதிய காசு இன்று 63ஆகவும் வரலாம், 58ஆகவும் வரலாம். 1986இல் பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு என்ஜிசி ஆகிய நிறுவனங்கள், காசைப் பார்த்து எண்ணிட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரத் தொடங்கிய பிறகே, பார்க்காமலே வாங்கும் அளவுக்கு அந்த எண்ணுக்கு நம்பிக்கை பிறந்தது. ஆயினும் அது அனுபவமிக்க சிலரின் கருத்துத்தான். 63 என்று உறையிட்ட இரண்டு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைவிட அழகாக இருப்பதைக் காண்பீர்கள்; வாங்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன் காசைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

1924 காசில் உள்ள செம்புப் புள்ளிக்குக் கவலைப்பட வேண்டாம். உருக்கும்போது செம்பு சரியாகக் கலக்காத இடத்தில் அப்படித் தோன்றும். அதை அகற்ற எதுவும் செய்யாதீர்கள். காசுகள் இத்தனை ஆண்டும் மிருதுவான பழைய பிளாஸ்டிக் உறைகளில் இருந்திருந்தால், பசைபோன்ற பச்சைப் படலம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கலப்பில்லாத சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகே இல்லாமல், காசைச் சிறிது நேரம் மூழ்கவைத்து எடுத்துத் தானே உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருப்பதால் அது ஆகாது. துணியாலும் பஞ்சாலும் துடைக்காதீர்கள்.

ஆகவே கட்டாயம் அனுப்ப வேண்டியது 1911 இரண்டரை டாலர் மட்டுமே. கட்டணமும், காப்பீட்டுடன் கூடிய பதிவுத் தபால் செலவும் சேர்ந்தாலும், காசு உண்மை என்று தெரிந்தால் அந்தச் செலவு பொருட்டாகாது; போலி என்று தெரிந்தாலும், அறியாமல் வேறொருவருக்கு விற்கும் இக்கட்டிலிருந்து தப்புவீர்கள். 1908 காசின் முகத்தில் குறிப்பிடத்தக்க வடு எதுவும் இல்லாமல் ஒளி முழுதாக இருந்தால் அதையும் அனுப்பலாம். 1924 காசு 65க்குக் குறையாது என்று கண் சொன்னால் ஒழிய, உறையிடும் செலவு திரும்பி வராது. அந்த ஒரு காசைப் பொறுத்தவரை உங்கள் கடைக்காரர் தங்க விலை சொன்னது அநியாயமில்லை; அன்றைய சந்தை விலையில் எத்தனை சதவீதம் கழிக்கிறார் என்று கேட்டு, வேறு இரண்டு கடைகளிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒன்றாகக் கட்டி விலை பேசுவதற்கு மட்டும் உடன்படாதீர்கள்.

விற்பதானாலும் வைப்பதானாலும், மாமனார் மறைந்த நாளில் இவற்றின் சந்தை மதிப்பு என்ன என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் மரபுரிமையாக வந்த பொருளுக்குப் பொதுவாக அந்த நாளின் மதிப்பே அடிப்படை விலை. அதற்கு மேல் கிடைக்கும் இலாபத்துக்கு, சேகரிப்புப் பொருள் என்ற வகையில் நீண்டகால வரி 28 சதவீதம் வரை போகலாம். கணக்காளர் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார். அதோடு, 1933க்கு முந்தைய காசுகளை அரசு பறிக்காது என்று சொல்லித் தொலைபேசியில் அதிக விலைக்கு விற்பவர்கள் உங்கள் மகனை அணுகக்கூடும். அவர்கள் காட்டுவது தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஆணையில் இருந்த விலக்கை. அந்தத் தடையே 1974இல் போய்விட்ட பிறகு, அதற்காக ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

மகன் தொடங்குவதற்கு இரண்டரை டாலர் வரிசையையே சொல்வேன். ஆண்டும் அக்கசாலையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் பதினைந்தே காசுகள். இருபது டாலர் வரிசையில் அரசரும் செல்வந்தரும் மட்டுமே எட்டக்கூடிய காசுகள் உண்டு. இதில் அப்படி எதுவும் இல்லை, தங்கமும் காசுக்கு அரைப் பவுன்தான். இந்த வரிசையைத் தொடங்குபவர்கள் பதினான்கு காசுகளைச் சேர்த்துவிட்டுப் பதினைந்தாவதாக 1911 டென்வர் காசுக்கு ஆண்டுக்கணக்கில் பணம் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டில் இருப்பது உண்மையாகிவிட்டால் அவன் அந்தக் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறான். முதலில் 1925 டென்வர் காசையும், 1926 முதல் 1929 வரையிலான ஃபிலடெல்ஃபியா காசுகளையும் வாங்கட்டும். புழங்காத நிலையில் அவை எளிதாகக் கிடைக்கும் என்பதால், நாணயக் கண்காட்சிகளில் ஒரே ஆண்டின் பத்துக் காசுகளை அடுத்தடுத்துக் கையில் வாங்கிப் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம். 1914ஆம் ஆண்டின் இரண்டு காசுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளட்டும். நல்ல நிலையில் அவை கிடைப்பது கடினம். சற்றுப் புழங்கியதைப் புழங்காதது என்று விற்பதும் அந்த ஆண்டில்தான் மிகுதி.